சர்டிஃபிகேட்டுக்குக் காசு கொடுத்தது யாரு? ஒரு பர்கர், ஒரு கடலை ஆலை, ஒரு முலாம்பழத் தோட்டம் சொல்லும் வரலாறு

1)
இன்னைக்கு கொஞ்சம் நீளமான த்ரெட். சாப்பாடு, கிருமி, காசு மூணும் சேர்ந்த ஒரு ஐம்பது வருஷக் கதை. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

வாந்தி, பேதின்னு வர்றவங்ககிட்ட "என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா, பெரும்பாலானவங்க கடைசியா சாப்பிட்டதைத்தான் சொல்வாங்க. "நேத்து நைட்டு கடையில பரோட்டா சாப்பிட்டேன் டாக்டர், அதான் ஒத்துக்கல." சில நேரம் அது சரியா இருக்கும். பல நேரம் அந்தப் பரோட்டா மாஸ்டர் மேல விழுறது வீண்பழி.

2)
ஏன்னா கிருமிக்குக் கிருமி கணக்கு மாறும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சுன்னா சில மணி நேரத்திலேயே வாந்தி. சால்மோனெல்லா பெரும்பாலும் 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை. ஈ.கோலை ஓ157 என்கிற கிருமிக்கு சராசரியா 3, 4 நாள். லிஸ்டீரியா இருக்கே, அது 70 நாள் வரைகூட எடுத்துக்கும்.

அதாவது, ஆடி மாசம் சாப்பிட்ட பழத்துக்கு புரட்டாசியில காய்ச்சல் வரலாம். எந்தப் பழம், எந்தக் கடை, எந்தத் தோட்டம்? யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இந்த மருத்துவ உண்மைக்குள்ள ஒரு பெரிய பொருளாதார உண்மை ஒளிஞ்சிருக்கு.

3)
பொருளாதார அறிஞர்கள் சரக்கை மூணு வகையா பிரிப்பாங்க.

முதல் வகை, வாங்கும் முன்னாடியே தரம் தெரிவது. புடவை மாதிரி. தொட்டுப் பார்த்து, பிரிச்சுப் பார்த்து வாங்கலாம்.

இரண்டாவது, வாங்கின பிறகு தெரிவது. மாம்பழம் மாதிரி. அறுத்தா தெரிஞ்சிடும். புளிச்சா அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போக மாட்டோம்.

மூன்றாவது, வாங்கி, சாப்பிட்டு, செரிச்ச பிறகும் தெரியாதது. இதை நம்பிக்கைச் சரக்குன்னு சொல்லலாம். 1973ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் இந்த மூன்றாவது வகையைத் தனியாக எடுத்து எழுதினார்கள். நம்ம டாக்டர் தொழிலும் இந்த வகைதான். உணவில் கிருமி இருக்கா இல்லையா என்பதும் இதே வகைதான்.

4)
இந்த வகைச் சந்தையில் என்ன நடக்கும்?

சுத்தத்துக்காகக் கூடுதலா செலவு செய்யும் முதலாளி, அந்தச் செலவை விலையில் வைக்க முடியாது. வாங்குறவருக்கு வித்தியாசம் தெரியாதே! செலவு செய்யாதவர் விலையைக் குறைத்து விற்பார். கடைசியில் ஒழுங்கா செய்தவர்தான் கடையை மூடணும். 1970ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து இதே தர்க்கத்தை எழுதினார். 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதுக்கு மருந்து? நம்பகமான ஒரு மூன்றாம் ஆள் பார்த்து முத்திரை குத்தணும். அரசு குத்தும் முத்திரை நமக்குத் தெரியும், அக்மார்க் மாதிரி. ஆனா இன்னைக்கு உலக உணவு வியாபாரத்தில் ஒரு சப்ளையரை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்று பெரும்பாலும் முடிவு செய்வது தனியார் தரச்சான்றிதழ்கள்.

அது எப்படி வந்துச்சு, எங்கே ஜெயிச்சது, எங்கே ஆளைக் கொன்னுச்சுன்னு பார்ப்போம்.

5)
கதை விண்வெளியில் ஆரம்பிக்குது.

1959 வாக்கில் நாசாவுக்கு ஒரு கவலை. விண்கலத்துக்குள்ள ஒருத்தருக்கு பேதி வந்தா என்ன செய்வது? அங்கே குளுக்கோஸ் ஏத்த ஆள் கிடையாது. பில்ஸ்பரி என்ற மாவு கம்பெனியிடம் உணவு தயாரிக்கச் சொன்னார்கள். அந்த வேலையைப் பார்த்தவர் ஹோவர்ட் பௌமன் என்ற நுண்ணுயிரியலாளர்.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தயாரித்த பிறகு டெஸ்ட் பண்ணி கிருமி இல்லைன்னு உறுதி செய்யணும்னா, தயாரித்ததில் பெரும்பகுதியை டெஸ்டுக்கே கொடுத்துடணும். மிச்சம் சாப்பிட ஒண்ணும் இருக்காது.

6)
அதனால் யோசனையையே திருப்பிப் போட்டார்கள்.

கடைசியில் டெஸ்ட் பண்ணாதே. தயாரிக்கும் வழியில் எங்கெங்கே ஆபத்து நுழையலாம்னு முதலில் பட்டியல் போடு. அதில் எந்த இடத்தைப் பிடிச்சா ஆபத்து நிற்குமோ அந்த இடத்தில் காவல் வை. சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு, எழுதி வை.

இதுதான் 'ஹேசப்' முறை. இன்னைக்கு உலகம் முழுக்க உணவுப் பாதுகாப்பின் அஸ்திவாரம். 1971ல் பில்ஸ்பரியின் சொந்தத் தயாரிப்பான, குழந்தைகளுக்குக் கொடுக்கும் ரவை போன்ற ஒரு உணவிலேயே கண்ணாடித் துண்டு கலந்தது. சரக்கைத் திரும்பப் பெற்ற பிறகு, விண்வெளிக்காகச் செய்ததைத் தரையிலும் செய்ய ஆரம்பித்தார்கள்.

இங்கே ஒண்ணை மனசுல வெச்சுக்கோங்க. விதி போட்டது வாங்கும் நாசா. தப்பு நடந்தா நஷ்டமும் நாசாவுக்குத்தான். பணமும் பயமும் ஒரே ஆள்கிட்ட இருந்துச்சு.

7)
அடுத்த காட்சி, 1993 ஜனவரி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம்.

சியாட்டில் பகுதி ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தபேதியோடு குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். சிலருக்கு சில நாளில் சிறுநீர் நின்றது. விசாரித்தால் பெரும்பாலோர் ஜாக் இன் தி பாக்ஸ் என்ற கடையில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்கள்.

நான்கு மாநிலங்களில் 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 4 குழந்தைகள் இறந்தார்கள்.

8)
மருத்துவக் காரணம் கொஞ்சம் சொல்றேன்.

ஈ.கோலை ஓ157 மாட்டின் குடலில் சாதாரணமாக வாழும். மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அறுக்கும்போது குடல் கழிவு பட்டால் இறைச்சியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். முழுத் துண்டாகச் சுட்டால் மேலே இருக்கும் கிருமி செத்துடும். கொத்திக் கைமா செய்தால் மேலே இருந்தது உள்ளே போயிடும். ஒரே ஒரு பர்கர் வடையில் பல மாடுகளின் இறைச்சி கலந்திருக்கும்.

உள்ளே போன கிருமி விடும் ஷிகா நச்சு, சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கும். சிவப்பணுக்கள் உடையும், தட்டணுக்கள் குறையும், சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்யும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். இந்தக் கிருமியை நேரடியாகக் குணப்படுத்த மருந்து கிடையாது. டயாலிசிஸ் வைத்து உடம்பு தானே மீளும்வரை தாங்கிப் பிடிக்கிறோம், அவ்வளவுதான்.

9)
வாஷிங்டன் மாநிலம் அதற்கு முந்தைய வருஷமே பர்கரை 155 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 68 டிகிரி செல்சியஸ்) வரை சுடணும்னு விதி போட்டிருந்தது. கடை பின்பற்றியதோ 140 டிகிரி (60 செல்சியஸ்). அப்போதைய மத்திய அரசு வழிகாட்டுதல் அதுதான்.

இன்னொரு விஷயம். அந்த இறைச்சி அரசு இன்ஸ்பெக்டர் பார்த்து முத்திரை குத்தி வந்ததுதான். ஆனா அப்போது இன்ஸ்பெக்ஷன்னா கண்ணால பார்ப்பது, மூக்கால மோந்து பார்ப்பது, கையால தொட்டுப் பார்ப்பது. பாக்டீரியா கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

10)
கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. வியாபாரம் சரிந்தது. வழக்குகள் குவிந்தன. மாதக்கணக்கில் உயிருக்குப் போராடிப் பிழைத்த ஒரு சிறுமியின் குடும்பத்துக்கு மட்டும் 1 கோடியே 56 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்ய வேண்டியிருந்தது.

அப்போதுதான் டேவிட் தீனோ என்ற உணவுப் பாதுகாப்பு நிபுணரை வேலைக்கு எடுத்தார்கள். அவர் செய்தது, விண்வெளி முறையைப் பர்கர் கடைக்குக் கொண்டுவந்தது. இறைச்சி சப்ளை செய்பவர் உற்பத்தியின்போதே அடிக்கடி மாதிரி எடுத்து டெஸ்ட் பண்ணணும். தேறலைன்னா வாங்க மாட்டோம். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

11)
எவ்வளவு செலவாச்சு தெரியுமா? எரிக் ஷ்லோசர் 'ஃபாஸ்ட் ஃபுட் நேஷன்' நூலில் எழுதுவது, ஒரு பவுண்டு இறைச்சிக்குக் கூடுதல் செலவு சுமார் 1 சென்ட். ஆமாங்க, ஒரே ஒரு சென்ட்.

தீனோ பற்றி ஒரு தகவல் உண்டு. இறந்துபோன ஒரு சிறுமியின் படத்தைக் கைப்பெட்டியில் வைத்திருப்பாராம். கஷ்டமான முடிவு எடுக்கும்போது அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பாராம். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1994ல் அமெரிக்க அரசும் கைமாவில் ஓ157 இருந்தால் அது கலப்படச் சரக்கு என்று அறிவித்தது. இறைச்சித் துறைச் சங்கங்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. 1996ல் இறைச்சி ஆலைகளுக்கு ஹேசப் கட்டாயமானது. சட்டமும் தனியார் விதியும் சேர்ந்து இழுத்ததில், அடுத்த பத்து வருஷத்தில் அமெரிக்காவில் ஓ157 நோய் கணிசமாகக் குறைந்தது.

இங்கேயும் பணமும் பயமும் ஒரே ஆள்கிட்ட. சோதிக்கச் சொன்னது அடிபட்ட கடை.

12)
இதே காலத்தில் அட்லாண்டிக்கின் இந்தப் பக்கம், பிரிட்டனில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் நாம இப்போ பார்க்கும் சான்றிதழ் உலகத்தின் தாய்வீடு.

அங்கே பழைய சட்டப்படி, "சப்ளையர் எழுதி உத்தரவாதம் கொடுத்தார், நான் நம்பி விற்றேன்"னு சூப்பர்மார்க்கெட் தப்பிச்சுக்கலாம். 1990ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை மூடியது. இனி தப்பிக்கணும்னா, "நான் எடுக்க வேண்டிய எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன்"னு கடையே நிரூபிக்கணும்.

ஒரே வரி மாற்றம். ஆனா அந்த வரி ஒரு தொழிலையே பெற்றெடுத்தது.

13)
சூப்பர்மார்க்கெட்டுகள் தங்கள் நிபுணர்களை சப்ளையர் ஆலைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தன. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு பட்டியல். ஒரே பிஸ்கட் ஆலைக்கு இந்த வாரம் ஒரு கடை ஆடிட்டர், அடுத்த வாரம் இன்னொரு கடை ஆடிட்டர். ஆலைக்காரருக்குத் தலைவலி, கடைக்காரருக்குச் செலவு.

1997ல் ஐரோப்பியக் கடைகள் சேர்ந்து தோட்டங்களுக்கு யூரெப்கேப் என்ற பொதுத் தரத்தை ஆரம்பித்தன. அதுதான் 2007ல் குளோபல்கேப் ஆனது. 1998ல் பிரிட்டிஷ் சில்லறை வணிகர் கூட்டமைப்பு ஆலைகளுக்கான தன் தரநூலை வெளியிட்டது. 2000ல் இந்த மாதிரித் தரங்களை ஒப்பிட்டு அங்கீகரிக்க ஒரு உலக அமைப்பு வந்தது. ஒரு தடவை ஆடிட், எல்லா இடத்திலும் செல்லும் என்பது கனவு.

நல்ல யோசனைதான். வீண் செலவு மிச்சம்.

14)
ஆனா நடுவுல ஒரு சின்ன விஷயம் மாறிப்போச்சு. யாரும் பெருசா கவனிக்கல.

முன்னாடி ஆடிட்டர் கடையின் ஆள். சம்பளம் கொடுத்தது கடை.

இப்போ ஆடிட்டர் தனி கம்பெனி. அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சோதிக்கப்படும் ஆலை. ஃபீஸ் கட்டுவதும் அதே ஆலை. கடைக்கு வந்து சேருவது ஒரு காகிதம்.

பணம் ஒரு பக்கம், பயம் இன்னொரு பக்கம் என்று பிரிந்தது இங்கேதான்.

15)
செலவு கைமாறினால் முதலில் யாருக்கு வலிக்கும்? சின்னவருக்கு.

கென்யாவைப் பாருங்க. அங்கே சிறு விவசாயிகள் பீன்ஸ் பயிரிட்டு விமானத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பி வந்தார்கள். யூரெப்கேப் வந்தவுடன் பூச்சிமருந்து வைக்கத் தனி அறை, கழிப்பறை, கை கழுவ இடம், தேதி வாரியாகக் கணக்கு நோட்டு, பரிசோதனைக் கட்டணம், ஆடிட் கட்டணம் எல்லாம் வேண்டும்.

இந்தச் செலவு அரை ஏக்கருக்கும் கிட்டத்தட்ட அதே, நூறு ஏக்கருக்கும் கிட்டத்தட்ட அதே. பெரிய பண்ணைக்கு அது தூசு. அரை ஏக்கர்காரருக்கு அது பல வருஷ லாபம். சின்னவர்கள் பலர் அந்த வியாபாரத்தை விட்டே வெளியேறினார்கள்.

16)
ஒரு டாக்டரா மறுபக்கத்தையும் சொல்லணும்.

ஏற்றுமதி கம்பெனியோ தொண்டு அமைப்போ கைகொடுத்து, குழுவாகச் சேர்ந்து சான்றிதழ் வாங்கிய விவசாயிகளுக்கு உண்மையான நன்மை நடந்தது. கையுறை, முகமூடி, சரியான அளவு மருந்து என்று பழகியதில் பூச்சிமருந்து தெளிப்பதால் வரும் உடல் பாதிப்பு குறைந்ததாக அங்கே நடந்த ஆய்வுகள் சொல்கின்றன.

ஆக, தரம் என்பதே ஏமாற்று வேலை என்று சொல்ல நான் வரல. யார் செலவு செய்கிறார், யார் பார்க்கிறார் என்பதில்தான் சூட்சுமம். அதை இப்போ வரும் கதை பளிச்சுன்னு காட்டும்.

17)
அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், பிளேக்லி என்ற சின்ன ஊர். அங்கே பீநட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனியின் கடலை ஆலை. வறுத்த கடலை, கடலை பேஸ்ட் எல்லாம் செய்து பெரிய பிஸ்கட், மிட்டாய் கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள்.

2008 கடைசியில் சால்மோனெல்லா பரவத் தொடங்கியது. 46 மாநிலங்களில் 714 பேருக்கு நோய் உறுதியானது. 9 பேர் இறந்தார்கள். இந்த ஒரு கம்பெனியின் கடலை போய்ச் சேர்ந்த பொருட்களைக் கணக்கெடுத்தால் 3,900க்கு மேல். எல்லாத்தையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியிருந்தது.

கடலையை வறுக்கிறாங்களே, கிருமி சாகாதா? சாகும். ஆனா வறுத்த பிறகு ஒழுகும் கூரையின் தண்ணீர் பட்டாலோ, பச்சைக் கடலையோடு கலந்தாலோ மறுபடி ஏறிக்கும். எண்ணெய் அதிகம், ஈரம் குறைவான பொருளில் சால்மோனெல்லா மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

18)
இப்போ கவனமா படிங்க.

2008 மார்ச்சில் ஒரு தனியார் ஆடிட் நிறுவனம் இந்த ஆலையைப் பார்த்து 'சுப்பீரியர்' என்று மதிப்பெண் கொடுத்திருந்தது. அந்த ஆடிட்டுக்குப் பணம் கட்டியது கடலை ஆலை. வந்த ஆடிட்டர் காய்கறி, பழத் துறையில் அனுபவம் உள்ளவர். அந்தக் காகிதத்தை நம்பி வாங்கியவர்களில் கெல்லாக் கம்பெனியும் ஒன்று.

அதே கம்பெனியிடம் நெஸ்லேயும் சரக்கு வாங்க யோசித்தது. ஆனா நெஸ்லே தன் சொந்த ஆடிட்டர்களை, தன் செலவில் அனுப்பியது. 2002ல் பிளேக்லி ஆலை. 2006ல் டெக்சாஸில் உள்ள அவர்களின் இன்னொரு ஆலை. இரண்டு முறையும் நெஸ்லே சொன்ன பதில்: வேண்டாம்.

19)
ஒரே கம்பெனி. ஒரு கண்ணுக்கு 'சுப்பீரியர்'. இன்னொரு கண்ணுக்கு 'வாங்கக் கூடாது'. ஆடிட் நடந்த வருஷங்கள் வேறதான். ஆனா இரண்டு கண்ணுக்கும் சம்பளம் கொடுத்த கை வேற என்பதுதான் பெரிய வித்தியாசம்.

2009 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் இந்த இரண்டு அறிக்கைகளும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. கம்பெனித் தலைவர் ஸ்டீவர்ட் பார்னெல், கிருமி இருக்கும் என்று தெரிந்தே சரக்கு அனுப்பியதும், பொய்யான பரிசோதனைச் சான்றுகள் கொடுத்ததும் நிரூபணமாகி 2015ல் 28 வருஷச் சிறைத் தண்டனை பெற்றார்.

"சரி டாக்டர், அவர் கெட்டவர். நல்லவர் நடத்தினா இந்தப் பிரச்சினை வராதே?"ன்னு கேட்கலாம். அடுத்த கதை அதுக்குத்தான்.

20)
2011, கொலராடோ மாநிலம். ஜென்சன் ஃபார்ம்ஸ் என்ற முலாம்பழத் தோட்டம். அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்தும் குடும்பப் பண்ணை. கடலை ஆலை மாதிரி அங்கே யாரும் பொய்ச் சான்று அடிக்கல.

2010ல் வந்த ஆடிட்டர், பழத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் திரும்பத் திரும்பச் சுழல்வதைப் பார்த்து, கிருமி பரவ வாய்ப்புள்ள இடம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் அவர்கள் அதை மாற்றினார்கள். வாங்கிப் போட்டது உருளைக்கிழங்கு கழுவப் பயன்பட்ட இயந்திரம். புது ஏற்பாட்டில் கழுவும் தண்ணீரில் குளோரின் மாதிரி எந்தக் கிருமிநாசினியும் இல்லை.

21)
2011 ஜூலை 25. ஆடிட்டர் வந்தார். சுமார் 4 மணி நேரம் பார்த்தார். தண்ணீரில் கிருமிநாசினி இல்லை என்பது அறிக்கையிலேயே குறிக்கப்பட்டது. ஆனா அதுக்கு மார்க் குறைக்கல. கொடுத்த மதிப்பெண் 96 சதவீதம். மறுபடியும் அதே வார்த்தை: 'சுப்பீரியர்'.

ஜூலை 31. முதல் நோயாளிக்கு அறிகுறி. ஆறே நாள்.

லிஸ்டீரியா. 28 மாநிலங்களில் 147 பேர். 33 மரணங்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஒரு கர்ப்பிணிக்குக் கருச்சிதைவு.

22)
முலாம்பழத்தின் தோலைப் பார்த்திருப்பீங்க. வலை வலையா, சொரசொரன்னு இருக்கும். கிருமி ஒட்டிக்க அருமையான இடம். கத்தி வைத்து அறுக்கும்போது தோலில் இருந்தது சதைக்குள் போகும். லிஸ்டீரியாவுக்கு இன்னொரு கெட்ட குணம், ஃபிரிட்ஜ் குளிரிலும் அது வளரும்.

இந்தக் கதையில் ஏமாந்தவர்களில் அந்தச் சகோதரர்களும் உண்டு என்றே நான் நினைக்கிறேன். நூற்றுக்கு 96 மார்க் வாங்கினவன் தான் பாஸ்னுதானே நினைப்பான்? பண்ணை திவாலானது. அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2014ல் தண்டனை பெற்றார்கள்: ஐந்து வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆறு மாதம் வீட்டுக்காவல். மதிப்பெண் கொடுத்த ஆடிட் நிறுவனத்தின் மேல் அவர்களே வழக்கும் போட்டார்கள்.

23)
இப்போ ஒரு சொந்த விஷயம். ஆடிட்டரை மட்டும் திட்டிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. நானும் சர்டிஃபிகேட் கொடுக்கிற ஆள்தான்.

ஒருத்தர் டிரைவர் வேலைக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்டு வந்தார். பிரஷர் பார்த்தா 180/110. "அண்ணே, இப்போ எழுத முடியாது. மாத்திரை போடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க"ன்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டுப் போனார். அடுத்த தடவை வேற விஷயமா வந்தப்போ சிரிச்சுக்கிட்டே சொன்னார், "சார், அன்னைக்கே வேற இடத்துல வாங்கிட்டேன்."

எழுதிக் கொடுத்தவருக்கு ஃபீஸ் கிடைச்சது. எழுதாத எனக்குக் கிடைக்கல. அந்த வண்டியில் ஏறும் பயணிக்கு இது எதுவுமே தெரியாது.

அந்தப் பயணிதான், மக்களே, முலாம்பழம் வாங்கிய பாட்டி.

24)
கண்டிப்பான ஆடிட்டர் கஸ்டமரை இழப்பார். தாராளமான ஆடிட்டருக்குக் கூட்டம் சேரும். இதில் யாரும் கெட்டவரா இருக்கணும்னு அவசியமே இல்லை. ஏற்பாடே தாழ்ந்த பக்கம் சாய்ஞ்சிருந்தா தண்ணி அங்கேதான் ஓடும்.

சரி, இந்தச் சாய்வை நிமிர்த்த முடியுமா? முடியும்னு காட்டியது நம்ம நாட்டில் நடந்த ஒரு ஆய்வு. உணவு அல்ல, புகை. ஆனா நோய் இதே நோய்தான்.

25)
குஜராத்தில் ஆலைகள் தங்கள் மாசு அளவைத் தனியார் ஆடிட்டர் வைத்து அளந்து அரசுக்குக் கொடுக்கணும். அந்த ஆய்வு நடந்த காலத்தில் ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்ததும் பணம் கொடுத்ததும் ஆலையே. அப்போதைய அறிக்கைகளைப் பார்த்தால் ஏராளமான ஆலைகள் அனுமதித்த அளவுக்குச் சற்றே கீழே வந்து நின்றன. அதிசயமா இல்ல?

எஸ்தர் டஃப்லோ (2019ல் நோபல் பெற்றவர்), மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரையன் ஆகியோர் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். சில ஆலைகளுக்கு மட்டும் விதியை மாற்றினார்கள். ஆடிட்டரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். சம்பளத்தைப் பொது நிதியிலிருந்து, நிலையான தொகையாகக் கொடுத்தார்கள். சில அளவுகளை வேறு ஆள் போய் மறுபடி அளந்து பார்த்தார். இரண்டாம் வருஷம் சரியாக அளந்தவருக்குக் கூடுதல் ஊதியம்.

26)
2013ல் முடிவு வெளியானது. ஆடிட்டர்கள் உண்மை எழுத ஆரம்பித்தார்கள். அதைவிட முக்கியம், உண்மை வெளியே வரும்னு தெரிந்ததும் ஆலைகள் மாசையும் குறைத்தன.

புது மனுஷங்களை எங்கிருந்தும் கொண்டு வரல. காசு வரும் வழியை மட்டும் மாத்தினாங்க.

27)
இது நமக்கு எதுக்குன்னா, 2006ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம்ம நாட்டிலும் 2018ல் மூன்றாம் தரப்பு ஆடிட்டுக்கு விதிமுறைகள் வந்தாச்சு. ஓட்டல், பால், இறைச்சி, ஏற்றுமதி எல்லா இடத்திலும் சான்றிதழ்கள் சுவரில் ஏறிக்கொண்டிருக்கின்றன. நல்லதுதான். அரசு அதிகாரிகள் மட்டும் இத்தனை சமையலறையையும் பார்த்து முடிக்க முடியாது.

ஆனா ஒரு சான்றிதழைப் பார்த்தா நாலு கேள்வி கேட்கப் பழகுவோம்.
- ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்தது யாரு?
- காசு கொடுத்தது யாரு?
- சொல்லிட்டு வந்தாரா, சொல்லாம வந்தாரா?
- அவர் எழுதினது தப்புன்னா அவருக்கு என்ன நஷ்டம்?

உணவுத் தொழில் செய்யும் நண்பர்கள், மொத்தமா சரக்கு வாங்குபவர்கள், கேன்டீன், விடுதி நடத்துபவர்கள் இதை முக்கியமா யோசிங்க. வருஷத்துக்கு ஒரு தடவை உங்க செலவில் உங்க ஆளை அனுப்பிப் பாருங்க. நெஸ்லேயைக் காப்பாத்தினது அதுதான்.

28)
கடைசியா, டாக்டரா சில வார்த்தை.

- குழந்தைக்கு ரத்தம் கலந்த பேதின்னா நீங்களா மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக்கோ, பேதியை நிறுத்தும் மாத்திரையோ வாங்கிக் கொடுக்காதீங்க. ஓ157 மாதிரிக் கிருமியா இருந்தா அது நிலைமையை மோசமாக்கலாம். டாக்டர் பார்த்து முடிவு பண்ணட்டும்.
- பேதி குறைஞ்ச மாதிரி இருந்து, முகம் வெளுத்து, சிறுநீர் குறைஞ்சா உடனே ஆஸ்பத்திரி. காத்திருக்க வேண்டாம்.
- கர்ப்பிணிகளுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தா அலட்சியம் வேண்டாம்.
- முலாம்பழம், தர்பூசணியை அறுக்கும் முன் ஓடும் தண்ணீரில் தோலைத் தேய்த்துக் கழுவுங்க. அறுத்த பழத்தை அன்னைக்கே சாப்பிட்டு முடிங்க.
- கைமா எந்த இறைச்சியா இருந்தாலும் உள்ளே நிறம் மாறி, நடுப்பகுதி வரை நல்லா வேகணும்.

29)
பர்கர் கடைக்காரர் ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலா செலவு செய்தார், நாலு குழந்தைகள் இறந்த பிறகு. அந்த ஒரு சென்ட்டை முன்னாடியே செலவு செய்ய வைக்கிற ஏற்பாடுதான் நல்ல தரச்சான்றிதழ். அதைச் செய்யாத சான்றிதழ், எவ்வளவு அழகா ஃபிரேம் போட்டு மாட்டினாலும், காகிதம்தான்.

அடுத்த முறை சுவரில் சர்டிஃபிகேட்டைப் பார்த்தா, மார்க்கைப் பார்க்கும் முன்னாடி, காசு கொடுத்தது யாருன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

ஓட்டல், கேன்டீன், ஏற்றுமதித் தொழில்ல இருக்கிற உங்க நண்பர்களுக்கும் அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் பதில் சொல்றேன்.